தப்பு செய்கிற டியூட்டி

உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குப் படிக்கிறேன் என்று சொன்னபோது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான் வந்தது. அதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது? எதிர்வீட்டு அக்கா நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஓடறதுக்கு எதுக்கு மே பரீட்ச? நாய் தொரத்துனா நான் கூடத்தான் ஓடுவேன்."

துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் அப்பா மட்டும் எனக்காகப் பேசினார். "இன்னாமே இப்டி சொல்லிட்ட? ஒடம்புல கீற எலும்பு பேரெல்லாம் இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணிகினு கீது பொண்ணு. டாக்டர்ல பாதி."

அந்தப் 'பாதி'யை அம்மா பிடித்துக்கொண்டாள். "மீதிப் பாதியையும் சேத்துப் படிச்சிருந்தா டாக்டராவே ஆயிருப்பா இல்ல?"

எனக்குக் கோ-கோ நன்றாக வரும். அதை வைத்துத்தான் கல்லூரியில் இடம் கிடைத்தது. இரண்டாம் வருடம் எங்களை ஆளுக்கொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே சில வாரங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழக வேண்டும். கடைசி நாள் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் முன்னால் ஒரு முழுப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதற்கு ஃபைனல் லெசன் என்று பெயர். அதில் கோட்டை விட்டால் எலும்புகளின் பெயர்கள் தெரிந்து பிரயோஜனம் இல்லை.

எனக்குக் கிடைத்தது திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளி. பெரிய ரோட்டை ஒட்டியே அதன் மைதானம். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நிற்கும் என்றால் நிற்கும்தான். காலை பிரேயருக்குப் பார்த்த லாரியை மத்தியானச் சாப்பாட்டுக்கும் பார்க்கலாம். லாரியின் கேபின் உயரம் என்பதால், அதில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குச் சுவரைத் தாண்டி எங்கள் மைதானம் முழுதாகத் தெரியும். அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே. நாங்கள்தான் அவர்கள் டிவி.

அந்தப் பள்ளியில் ஏற்கெனவே ஒரு பி.டி. சார் இருந்தார். என்னை வரவேற்கக்கூட அவருக்கு நேரமில்லை. மைக் செட் ரிப்பேர், தாமதமாக வரும் பிள்ளைகள், விருந்தினர் வந்தால் நாற்காலி, பாம்பு வந்தால் கம்பு என்று எல்லாமே அவர் பொறுப்பு. விளையாட்டைத் தவிர மற்ற அனைத்தையும் அவர் கவனித்துக்கொண்டார். முதல் நாளே எனக்கு ஓர் அறிவுரை சொன்னார்.

"இங்க வந்து கத்துக்குடுக்கணும்னு ஆசப்பட்டுடாதம்மா. கத்துக்குடுத்த மாதிரி காட்டு. போதும்."

அவர் சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை. கற்றுக்கொடுப்பதற்கு முதலில் பிள்ளைகள் வேண்டுமே. எட்டாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பி.டி. பீரியடு என்று கால அட்டவணையில் இருந்தது. ஆனால் நான் போகும்போதெல்லாம் உள்ளே கணக்கு மிஸ் இருந்தார். ஒல்லியான, சத்தமே போடாத அம்மா. சிரித்துக்கொண்டே பேசுவார்.

"பி.டி. பீரியடுதானம்மா? சும்மாதானே நிக்கப்போறாங்க. எனக்குப் போர்ஷன் முடியல. இன்னிக்கு மட்டும்."

அந்த 'இன்னிக்கு மட்டும்' இரண்டு வாரம் நீடித்தது. கடைசியில் அவருடைய அக்கா பேத்திக்குக் காது குத்தினார்கள். அவர் லீவு போட்டார். நான் விசிலோடு வகுப்பறை வாசலில் போய் நின்று, எல்லோரும் மைதானத்துக்கு வாருங்கள் என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. முன் பெஞ்சுப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"நெஜமாவே வெளிய போலாமா மிஸ்? யாரும் கத்தமாட்டாங்களா?"

"கத்தமாட்டாங்க."

"வெள்ளாடவா, இல்ல குப்ப பொறுக்கவா?"

விளையாடத்தான் என்றதும் அவர்கள் எழுப்பிய சத்தத்தில் மூன்று வகுப்புகள் தள்ளி இருந்த ஆசிரியை கதவைச் சாத்திக்கொண்டார்.

என் ஃபைனல் லெசனுக்கு வாலிபால் வந்தது. அதில் கீழ்க்கையால் அடிக்கும் சர்வீஸ். பந்தை இடது கையில் வைத்து, வலது கையை நீட்டிப் பின்னால் கொண்டுபோய், முழங்கை மடங்காமல் அடிக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் மதிப்பெண் தாளில் ஒரு பகுதி உண்டு. மாணவிகள் செய்யும் தவறைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். தவறு வந்தால்தானே திருத்தலாம்? தேர்வாளர் வரும் நேரம் பார்த்து எல்லோரும் சரியாகச் செய்துவிட்டால் அந்த மார்க் போய்விடும். அதற்குள் கணக்கு மிஸ்ஸிடம் கெஞ்சிக் கெஞ்சி நான் வாங்கிய பீரியடுகள் எல்லாவற்றிலும் அதே சர்வீஸையே நடத்தியிருந்தேன். பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் சர்வீஸ் போடுவார்கள்.

இதற்கு என் சீனியர்கள் எனக்குச் சொல்லியிருந்த வழி இதுதான். ஒரு பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த இடத்தில் இந்தத் தப்பைச் செய் என்று பழக்கிவிட வேண்டும். அவள் செய்வாள், நாம் விசில் ஊதுவோம், திருத்துவோம், அவள் சரியாகச் செய்வாள், தேர்வாளர் மகிழ்வார்.

நான் முதலில் நன்றாக விளையாடத் தெரியாத பிள்ளைகளை வைத்து முயன்றேன். சரிப்படவில்லை. முழங்கையை மடக்கு என்றால் ஒருத்தி முழங்காலை மடக்கினாள். இன்னொருத்தி பயத்தில் பிரமாதமாக சர்வீஸ் போட்டாள். சொன்ன தப்பைச் சொன்ன மாதிரி செய்ய வகுப்பிலேயே ஒருத்தியால்தான் முடிந்தது. நல்ல உயரம். அவளுடைய அப்பா காசிமேட்டிலிருந்து போட்டில் கடலுக்குப் போகிறவர். வகுப்பிலேயே நன்றாக விளையாடுகிறவள் அவள்தான். கை, கால் எல்லாம் அவள் சொன்னபடி கேட்கும். நன்றாக விளையாடத் தெரிந்தவளுக்கு மட்டுமே தப்பைச் சரியாகச் செய்ய வருகிறது என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

"நீ மொதல்ல முழங்கைய மடக்கு. நான் விசில் ஊதுவேன். சொல்லிக்குடுப்பேன். அப்புறம் நேரா அடி."

"இன்னாத்துக்கு மிஸ்? எனுக்குத்தான் நேரா வருமே."

"அன்னிக்கு மட்டும் வரக்கூடாது."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டாள். ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் முழங்கையை அழகாக மடக்கினாள்.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் தென் மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு மேடம். வெள்ளை ஷூ, கறுப்புக் கண்ணாடி. பேசாமல் வந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பி.டி. சார் அவருக்கு இளநீர் கொண்டுவந்து வைத்தார். அதைத் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கம்போல் ஒரு கன்டெய்னர் லாரி. கேபினில் டிரைவர் முண்டா பனியனோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் நிற்க வைத்தல், உடலைச் சூடாக்கும் பயிற்சிகள் எல்லாம் நன்றாகவே போயின. சர்வீஸை விளக்கினேன். செய்து காட்டினேன். பிறகு உயரமான பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் வந்து கோட்டில் நின்றாள். தேர்வாளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பந்தைப் போட்டு ஓர் அடி அடித்தாள் பாருங்கள், கை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராகப் போய், பந்து வலையைத் தாண்டி எதிர்மூலையில் விழுந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சர்வீஸ் நான் போட்டதில்லை.

ஆனால் என் கை பழக்கதோஷத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. வாயும் பழக்கதோஷத்தில் பேசிவிட்டது.

"பாத்தீங்களா? இவ என்ன தப்பு செஞ்சா? முழங்கை மடங்கிடுச்சு!"

அந்தப் பெண் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எங்க மிஸ் மடங்குச்சு? நேராத்தானே கீது!"

சுவருக்கு மேலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். "மிஸ்ஸு! கை நேராத்தான் இருந்துச்சு! நா பாத்துகினேதான் கீறேன்!"

நான் அவள் பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏன் மடக்கல?" என்று கேட்டேன்.

அவளும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். ஆனால் கடற்கரையில் வளர்ந்தவர்களின் கிசுகிசுப்பு எல்லோருக்கும் கேட்கும். "வெளியாளு வந்து பாக்க சொல்லோ எப்டி மிஸ் தப்பா அடிக்கிறது? எங்கப்பா பேரு கெட்டுடும்."

இதில் அவள் அப்பா எங்கே வந்தார் என்று யோசிக்க எனக்கு அவகாசம் இல்லை. அதற்குள் அடுத்த பெண் என் நிலைமையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தானே முன்வந்து முழங்கையை மடக்கி அடித்தாள். அதைப் பார்த்து அடுத்தவளும் மடக்கினாள். மிஸ்ஸுக்கு இன்று மடங்கின கைதான் வேண்டுமாம் என்று வரிசை முழுக்கச் செய்தி போய்விட்டது. கோழி இறக்கையை அடித்துக்கொள்வதுபோல் எட்டாம் வகுப்பு மொத்தமும் முழங்கையை மடக்கி அடிக்க, பந்துகள் திசைக்கொன்றாகப் பறந்தன. இருந்த பந்துகளில் நல்ல பந்து ஒன்று சுவரைத் தாண்டிப் போய் லாரியின் கன்டெய்னர் மேல் விழுந்து அங்கேயே தங்கியது. காலையிலிருந்து நகராத அந்த லாரி அந்த நிமிடம் பார்த்துக் கிளம்பியது. பி.டி. சார் "ஏய், பந்து! பந்து!" என்று வேட்டைக்காரர்போல் கேட்டை நோக்கி ஓடினார். டிரைவர் எங்களுக்குக் கையசைத்துக்கொண்டே போனார். வழியனுப்புகிறோம் என்று நினைத்திருப்பார்.

தேர்வாளர் எழுந்து வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பாடம் இவங்களுக்கு எத்தனாவது தடவை?"

"முதல் தடவை மேடம்."

முன்வரிசைப் பெண் உதவிக்கு வந்தாள். "இல்ல மேடம், தெனமும் இதான். அவ தப்பு பண்ணணும். அது அவ டியூட்டி. இன்னிக்கு டியூட்டி பாக்கல."

மேடம் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பெல்லடிக்க இன்னும் நேரம் இருக்கு. இவங்களுக்குத் தெரியாதது ஏதாவது ஒண்ணு சொல்லிக்குடுங்க. இப்பவே."

சொல்லிவிட்டுப் போய் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். இப்போது இளநீரையும் கையில் எடுத்துக்கொண்டார்.

சுற்றிலும் பார்த்தேன். புதிய கழிப்பறை கட்டுவதற்காக மைதானத்து ஓரத்தில் மணல் கொட்டியிருந்தார்கள். அது கண்ணில் பட்டதும், "மும்முறைத் தாண்டுதல்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கு அது வராது என்பது நினைவுக்கு வந்தது. ஓடிவந்து ஒரு காலில் எம்ப வேண்டும், அதே காலில் இறங்க வேண்டும், அடுத்து மற்றக் காலில், அதன்பின் இரண்டு கால்களோடும் மணலில். கல்லூரியில் ஒரு வருடம் முழுக்க என் கால்கள் இதில் ஒன்றோடொன்று சண்டை போட்டிருந்தன.

பந்து கிடைக்காமல் திரும்பி வந்த பி.டி. சாரும் நானும் மண்வெட்டியால் மணலைப் பரப்பினோம். விளக்கிச் சொன்னேன். பிறகு ஓடிவந்து தாண்டினேன். வலது, இடது, தொப். மழைத் தண்ணீரைத் தாண்டிப் பஸ் பிடிப்பவள்போல் மணலில் போய் விழுந்தேன். பிள்ளைகள் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"மிஸ், நீங்க சொன்னது வேற, தாண்டுனது வேற."

"ஆமா. தப்பாத் தாண்டிட்டேன்," என்றேன். அன்று நான் வாய் திறந்து சொன்ன முதல் உண்மை அதுதான். மறுபடியும் போய் ஓடிவந்தேன். இந்த முறை எப்படியோ சரியாக வந்தது. பள்ளிக்கூடத்துப் பூனை அந்த மணலை எதற்குப் பயன்படுத்தும் என்பது எனக்குத் தெரியும். தேர்வு நேரத்தில் அதையெல்லாம் நினைக்கக்கூடாது என்று எழுந்து தட்டிவிட்டுக்கொண்டேன்.

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி நடுவில் நின்று கால்களைப் பார்த்து யோசித்தாள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஓடி மணலுக்குப் பக்கத்தில் இறங்கினாள். எல்லோரும் சிரித்தார்கள், தாண்டியவர்களும் சிரித்தார்கள். உயரமான பெண் வந்தாள். இவள் சட்டென்று பிடித்துக்கொள்வாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வலது, இடது, வலது, இடது. ஓடிப்போய் மணலைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றாள். மறுபடியும் வந்தாள். அதே கதை. மூன்றாம் முறை கால் இடறி விழுந்தாள். பிள்ளைகள் சிரித்தபோது அவளுக்கு முகம் மாறிவிட்டது. போய்ச் சுவரோரம் திரும்பி நின்றுகொண்டாள்.

"எனுக்கு வராது. நா ஆடல."

நான் பக்கத்தில் போனேன். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. வெளியாள் முன்னால் தப்புச் செய்யக்கூடாது என்று அவ்வளவு பிடிவாதமாக இருந்தவளுக்கு இப்போது வேண்டாம் வேண்டாம் என்றாலும் தப்புத்தான் வருகிறது. பாவமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"எனக்கும் ஒரு வருஷமா வரல," என்றேன். "என் கால் எது வலது எது இடதுன்னு ஓடும்போது மறந்துடும்."

"எனுக்கும் அதான் மிஸ். நிக்க சொல்லோ தெரியுது. ஓட சொல்லோ காணாம பூடுது."

அவள் அப்படிச் சொன்னதும்தான் எனக்கு ஒன்று தோன்றியது. என் கர்ச்சீப்பை எடுத்து அவள் வலது காலில், கணுக்காலுக்கு மேல் கட்டினேன். வலதையும் இடதையும் மறந்துவிடு என்றேன். கர்ச்சீப் கால் இரண்டு தடவை, சும்மாக் கால் ஒரு தடவை, அப்புறம் தொப். முதலில் கைபிடித்து நடக்க வைத்தேன். பிறகு மெதுவாகக் குதிக்க வைத்தேன். மற்றவர்களைத் தாளம் போடச் சொன்னேன். மைதானம் முழுக்க ஒரே குரலாகக் கத்தியது.

"கர்ச்சீப்பு! கர்ச்சீப்பு! சும்மா! தொப்!"

சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது வேறொரு லாரி, வேறொரு டிரைவர். முதல் பாதியைப் பார்க்காதவர். அவருக்கு இது என்ன விளையாட்டு என்றே தெரியாது. ஆனாலும் "தொப்" வரும்போது ஹாரன் அடித்தார்.

அவள் தூரத்திலிருந்து ஓடிவந்தாள். கர்ச்சீப், கர்ச்சீப், சும்மா, தொப். முகம் குப்புற மணலில் விழுந்தாள். எழுந்து வாயிலிருந்து மணலைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கரெக்டா மிஸ்?"

"கால் கரெக்ட். விழறதுதான் தப்பு. கைய முன்னாடி நீட்டு."

பெல் அடித்தது. கணக்கு மிஸ் புத்தகத்தோடு வராந்தாவில் வந்து நின்றார். யாரும் நகரவில்லை. ஒரு தபா, ஒரே தபா என்று கெஞ்சி வரிசையில் நின்றார்கள். எல்லோர் காலிலும் கர்ச்சீப்போ ரிப்பனோ கட்டியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் வந்து என்னிடம் மெதுவாக, "ஏம்மா, இதுல எந்தக் கால் மொதல்ல?" என்று கேட்டார். காட்டினேன். தன் காலைச் சேலைக்குள் லேசாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

தேர்வாளர் கிளம்பும்போதுதான் எனக்கு அவர் நினைவே வந்தது. இளநீர் காலியாகியிருந்தது.

"முதல்ல நடத்துனது நாடகம். அதுக்கு மார்க் போடல," என்றார். "ரெண்டாவது நடத்துனது ஒரே குழப்பம். அதுக்குத்தான் போட்டிருக்கேன். பாஸ் ஆயிடுவீங்க. அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க." இரண்டடி போனவர் திரும்பி, "அந்தப் பொண்ணைத் தப்பு செய்யச் சொன்னீங்களே, அப்படி இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டபோது அவர் சிரித்தாரா என்பது எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்குக் கண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. அப்பாவுக்கு மட்டும் அந்தத் தாண்டலைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "கர்ச்சீப்பு கட்டிக்கினு ஆடு நைனா," என்றாள். "எனுக்கு எதுக்கு?" என்று ஓடிவந்தார். இரண்டாவது கர்ச்சீப்பிலேயே கணுக்கால் மடங்கியது. நான் ஐஸ் வைத்து, பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தேன். பெருமையோடு வீக்கத்தைக் காட்டி, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எந்த எலும்புன்னு இங்கிலீஷ்ல சொல்லும்மா," என்றார்.

பட்டம் வாங்கின பிறகுதான் அடுத்த கஷ்டம் ஆரம்பித்தது. அரசுப் பள்ளியில் எப்போது ஆள் எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தனியார் பள்ளிகளில், பி.டி.யோடு சேர்த்து டான்ஸும் வருமா, ஓவியமும் வருமா, வேனில் பிள்ளைகளோடு போக முடியுமா என்று கேட்டார்கள். கடைசியாக ராயபுரத்தில் ஒரு பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மாடியில் மேலாளர் அறை. அவர் என் சான்றிதழ்களை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சத்தமா பேசுவீங்களா?"

"பேசுவேன் சார்."

"மைக் ரிப்பேர். மைக் இல்லாம அட்டென்ஷன் சொல்லிக் காட்டுங்க பாப்போம்."

திருவொற்றியூரில் லாரி ஹாரனோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டை. மூச்சை இழுத்துப் பிடித்து, "ஸ்கூல்! அட்டென்ஷன்!" என்றேன்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசலில் நின்றிருந்த உதவியாளர் கையை ஒட்டி விறைத்துக்கொண்டார். கீழே தடதடவென்று பெஞ்சுகள் நகரும் சத்தம். மேலாளர் எழுந்து எட்டிப் பார்த்தார். எல்லா வகுப்புகளிலும் பிள்ளைகள் எழுந்து விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள். சில ஆசிரியைகளும் சாக்பீஸோடு நின்றார்கள்.

"நாளைக்கே வந்துடுங்க," என்றார் மேலாளர்.

நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். முதல் வகுப்பைத் தாண்டும்போது பார்த்தேன், இன்னும் யாரும் உட்காரவில்லை. உட்காரச் சொல்ல மறந்துவிட்டிருந்தேன். ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று, "உக்காருங்கம்மா, உக்காருங்கப்பா, சும்மா சொல்லிப் பாத்தேன்," என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து பஸ் ஏறினேன்.